மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு?

நாற்பது வருஷத்துக்கு முன் நம் ஊர்ப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வந்தால், தீட்டு நின்று பல வருஷமான பிறகு திரும்பவும் படுவதை வைத்துத்தான் தெரியும். "சூடு, ஜவ்வரிசிக் கஞ்சி குடி" என்பாள் மாமியார். வெள்ளைப்படுதலுக்கும் அதே சூடுதான் காரணம். வெந்தயமும் மோரும்தான் மருந்து. இடுப்புவலி தாங்காமல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், "அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று சேதி வரும்போது வீட்டில் நகைகளை எடுத்து எடை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் வீட்டில் இருந்தால், "வயித்துல கட்டி" என்பதோடு ஊராரிடம் பேச்சு முடிந்துவிடும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாப்பிடியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிலையம். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள். சினிமாவும் தன் பங்குக்கு உதவியது. 1982-இல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என இரண்டு வெற்றிப் படங்களில் நாயகன் புற்றுநோயில் சாகிறான். இந்த நோய் திடீரென்று வரும், அழகான இளைஞர்களுக்கு வரும், வந்தால் பாட்டுப் பாடிவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று தியேட்டரில் கற்றுக்கொண்டோம். அதே 1982 முதல்தான் சென்னையில் புற்றுநோயாளிகளைப் பதிவேட்டில் முறையாக எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணிப் பார்த்தால், பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்று. அதற்கு எந்த இயக்குநரும் பாட்டு வைக்கவில்லை.

பிறகு அது குறைந்தது. மார்பகப் புற்று முந்திக்கொண்டது. 'விழிப்புணர்வு' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. சோதனை செய்துகொள்ளும் பழக்கம் ஊருக்குள் வருவதற்கு முன்பே நடந்த இறக்கம் இது. பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டதும், பிள்ளைகள் இரண்டோடு நின்றதும், படிப்பும் தண்ணீர்க் குழாயும் வந்ததும் செய்த வேலை அதில் பெரிது.

தடுப்பூசி விஷயத்தில் நாம் மாறியது வேறு கதை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் நுழைந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஒளிந்த தலைமுறை ஒன்று இருந்தது. மாரியாத்தா இறங்கியிருக்கும்போது ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள் என்ற பயம். கிண்டி கிங் நிலையம் 1899-இலேயே அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பயம் போக இன்னும் இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. இன்று குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி தள்ளிப்போனால் அம்மாவே நர்சுக்குப் போன் போடுகிறாள். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸப் வதந்தியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள்தான். சோளக்காடு போய் வாட்ஸப் வந்தது. ஆனாலும் மொத்தத்தில் நாம் ஊசி போட்டுக்கொள்ளும் சனம் ஆகிவிட்டோம்.

புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ளும் சனமாகத்தான் இன்னும் ஆகவில்லை. இத்தனைக்கும் அதன் பலனை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள். 2000-ஆம் ஆண்டில் அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் எளிய சோதனை நடந்தது. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். செல்கள் மாறிப்போன இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். தேவைப்பட்டவர்களில் பலருக்கு அங்கேயே குளிரூட்டி அந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சை முடித்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தச் சோதனை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் இதை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9 என்பதால் நாம் முன்னணி மாநிலம். பத்தில் ஒன்பது பேர் போகாத முன்னணி!

ஏன் போகவில்லை என்பதை முகாம் நடக்கிற நாளில் வாசலில் நின்றாலே கேட்கலாம்.

"அக்கா, பிரஷர் பார்த்தாச்சு, சுகர் பார்த்தாச்சு. அப்படியே கர்ப்பப்பை செக்கப்பும் பண்ணிட்டுப் போயிடுங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே சிஸ்டர்."

"ஒண்ணும் இல்லாதப்பதான் பார்க்கணும்."

"வீட்டுல கேட்டுட்டு அடுத்த வாரம் வரேன்."

அடுத்த வாரம் நூறு நாள் வேலை இருக்கும். இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவளுக்கு இருக்கிற பயம் வேறு: உள்ளே போனால் "கர்ப்பப்பையை எடுத்துடணும்" என்பார்கள். இந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த அண்ணியோ நாத்தனாரோ பல வீடுகளில் இருக்கிறார்கள். மேஜைமேல் கால் அகற்றிப் படுக்கிற கூச்சம் இன்னொன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் அந்தக் கூச்சம் நியாயமானதும்கூட. 2023 இறுதியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டுக்கே அழைப்பிதழ் கொடுத்துச் சோதனைக்குக் கூப்பிடும் திட்டம் ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் வருவார்கள் என்ற கணிப்பு நம் ஊரை அறிந்த கணிப்பு. ஆண்களை வாய்ப்புற்றுச் சோதனைக்கு எப்படிக் கூப்பிடுவது என்பது வேறு தலைவலி. உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைத்திருப்பவர் வாயைத் திறந்து காட்ட வெட்கப்படுவார்.

இப்போது ஊசியும் சோதனையும் ஒரே நோயில் சந்திக்கின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. வைரஸின் வேலை என்பதற்கு வழிகாட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி அதற்குள் வந்துவிட்டது. இந்தியாவில் அது சறுக்கிய இடம் அன்றைய ஆந்திரத்தின் கம்மம். 2009-இல் அங்கும் குஜராத்தின் வதோதராவிலும் பழங்குடிச் சிறுமிகள் உட்படப் பலருக்கு ஊசி போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டது அம்பலமாகி, 2010-இல் திட்டம் நின்றது. அந்த அவசரத்துக்குப் பல வருஷ அவநம்பிக்கையை விலையாகக் கொடுத்தோம். சிக்கிமோ 2018-இல் ஆசிரியர்களையும் பெற்றோரையும் முதலில் உட்காரவைத்துப் பேசிவிட்டு ஊசி போட்டது. கிட்டத்தட்ட எல்லாச் சிறுமிகளுக்கும் போட்டும் முடித்தது.

2024 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் இந்த ஊசியைப் பற்றிப் பேசிய மறுநாள், ஒரு இந்தி நடிகை இந்தப் புற்றால் செத்துப்போனதாகச் செய்தி பரப்பி, அடுத்த நாள் உயிரோடு வந்து "விழிப்புணர்வு" என்றார். அந்தக் கூத்தை விடுங்கள். சீரம் நிறுவனத்தின் உள்நாட்டு ஊசி வந்து விலை இறங்கியதும், 2025-இல் தமிழக பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி அறிவிக்கப்பட்டதும்தான் நிஜமான மாற்றம். வீடுகளில் கேள்வி வராமல் இல்லை. "நாளைக்குக் குழந்தை பிறக்காமப் போயிடுமாமே?" என்பது ஒன்று. "இந்த வயசுலயே எதுக்கு?" என்பது இன்னொன்று. வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுகிறது, அதனால் அந்தப் பழக்கத்துக்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்ற பதிலைச் சொல்லக் கூசி, "புற்றுநோய் வராதும்மா" என்று முடித்துவிடுகிற டாக்டர்கள் உண்டு. கேட்டவர் பாதி நம்பிக்கையோடு போவார். மீதியை வாட்ஸப் நிரப்பும்.

பதினாலு வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு வயது என்ன இருக்கும்? முப்பத்தைந்து, நாற்பது. சோதனை செய்துகொள்ள வேண்டிய வயது. இந்த ஊசியால் அவளுக்கு இனிப் பெரிய பலன் இல்லை. அவளுக்கு இருக்கிற வழி அந்த ஒரு நிமிஷச் சோதனைதான். மகளின் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அவள் எப்படியும் வருவாள், "நீங்க செக்கப் பண்ணியாச்சா?" என்று அங்கேயே கேட்டு, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடலாம்.