நோட்டைக் கூட்டிவிட்டுப் பத்திரிகை அடி

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கீரமங்கலத்தில் பூ எடை போட்டு முடித்து, கடைக்காரர்கள் சாக்கை உதறிக்கொண்டிருந்த நேரம். டீக்கடை பெஞ்சில் அண்ணன் மகன் வந்து உட்கார்ந்தான். சிங்கப்பூரிலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகிறது. கையில் இரண்டு நீள நோட்டு, சட்டைப் பையில் அச்சகத்துக்காரர் கொடுத்த பத்திரிகை மாதிரி.

"இந்த ஆடியில நம்ம முறை சித்தப்பா. ஆறு லட்சம் வரும்னு அப்பா சொல்றாக. வட்டியில்லாத பணம். ஒரு பழைய கார் பாத்து வச்சிருக்கேன்."

"டீயைக் குடி. காரு எங்கேயும் ஓடிடாது" என்றேன்.

ஆலங்குடி வட்டத்தில் பிறந்தவனுக்கு மொய் விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி என்று இந்த வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் விருந்து வைத்து மொய் வாங்குவது வழக்கம். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, மொய்க்காகவே விருந்து. செலவு தாங்காது என்பதால் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்துத் தனித்தனி மேசை, அதில் நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். ஒரு வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். ஓர் ஆடியில் வடகாட்டில் ஒரு விவசாயிக்குச் சுமார் நான்கு கோடி ரூபாய் மொய் விழுந்தது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 2022-இல் ஒரு டீக்கடையில் இலங்கை மக்களுக்கு உதவ டீயை மட்டும் கொடுத்து மொய் விருந்து நடந்ததும் இதே வட்டத்தில்தான். சேர்ந்து பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வது கானாவில் சுசு, மெக்சிகோவில் டாண்டா என்று உலகமெங்கும் இருக்கிறது. கறிக்குழம்போடு நடப்பது நம் ஊரில்தான் என்று நினைக்கிறேன்.

நோட்டை வாங்கிப் பிரித்தேன். "ஒரு ஆளை மட்டும் எடுத்துக்குவோம்" என்று விரலை ஒரு பெயரில் வைத்தேன். "உங்கப்பாவோட முதல் விருந்துல இவர் ஆயிரம் போட்டார். அவர் விருந்து வந்தப்ப உங்கப்பா ரெண்டாயிரம் போட்டிருக்கு. அதுல ஆயிரம் பழைய பாக்கி, ஆயிரம் புது மொய். இப்ப உன் விருந்துக்கு அவர் ரெண்டாயிரம் கொண்டாந்தா, அதுல எவ்வளவு உன் பணம்?"

"ரெண்டாயிரமும்தான்."

"ஆயிரம்தான். நாம போட்டு வச்சது திரும்புது. மிச்ச ஆயிரம் அவர் புதுசா நம்ம தலையில ஏத்துற கடன்."

அவன் நோட்டையே பார்த்தான். ஒழுங்காகக் கொடுத்து வாங்கி இரண்டு சுற்று முடிந்த வீட்டில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும்: வருவதில் பாதி நம் சேமிப்பு, பாதி கடன். ஆறு லட்சம் விழுந்தால் மூன்று லட்சம்தான் நம்முடையது. மற்ற மூன்று லட்சத்தைத் திருப்ப வேண்டும். அதோடு முடியாது; திருப்பும்போது மரியாதைக்கு அதே அளவு புது மொய்யும் வைக்க வேண்டும். ஆக ஐந்து வருடத்தில் கையிலிருந்து போக வேண்டியது ஆறு லட்சம். வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், மாதத்துக்குப் பத்தாயிரம். ஆனால் அது மாதாமாதம் போகாது. ஆடியிலும் ஆவணியிலும் ஒரே மூச்சில் போகும். ஒரே நாளில் நாலு பத்திரிகை வந்த ஆடியும் உண்டு.

"வட்டி இல்லையே சித்தப்பா?"

இந்த இடத்தில் இன்னொரு டீ சொன்னேன். 'வட்டியில்லாப் பணம்' என்று ஊரே சொல்கிறது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

பத்திரிகை மாதிரியின் பின்பக்கத்தில் எழுதினேன். பந்தல், கறி, சமையல், பத்திரிகை எல்லாம் சேர்த்து அவன் பங்கு எழுபதாயிரம் என்று அவனே சொன்னான். கடன் மூன்று லட்சம், வருடத்துக்கு அறுபதாயிரம் வீதம் அடைகிறது. முதல் வருடம் கையில் இருப்பது 3 லட்சம், அடுத்து 2.40, 1.80, 1.20, 60 ஆயிரம். கூட்டினால் ஒன்பது லட்சத்தை ஒரு வருடம் வைத்திருந்ததற்குச் சமம். இன்னொரு பக்கம், புது மொய்யாக வருடம் அறுபதாயிரம் போடுகிறான் அல்லவா? அதை வங்கியில் ஆறு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஐந்தாம் வருட முடிவில் சுமார் 36,000 வட்டி வந்திருக்கும். அது போச்சு. எழுபதும் முப்பத்தாறும் ஒரு லட்சத்து ஆறாயிரம். ஒன்பது லட்சத்துக்கு அது கிட்டத்தட்ட பன்னிரண்டு சதவீதம்.

"நூத்துக்கு ஒரு ரூபா வட்டி" என்றான், மெதுவாக.

"ஆமா. நகைக்கடன் மாதிரிதான். அஞ்சு வருஷம் ஊர்க் கறிச்சோறு நீயும் திங்கிற, அதைக் கழிக்கலை."

இதைச் சொன்னதால் மொய் விருந்து கூடாது என்பவன் இல்லை நான். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, ஒரே பகலில் ஆறு லட்சம் வேறு யார் தருவார்கள்? மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் அதை அன்று மாலையே அடைத்துவிடலாம். வருடத்துக்கு முப்பத்தாறு சதவீதம் போவது நிற்கும். போர் போடலாம், மோட்டார் மாற்றலாம், மகள் படிப்புக்குக் கட்டலாம். பழைய கார் மட்டும் வேண்டாம். ஐந்து வருடத்தில் அது பாதி விலைக்குப் போகும், மொய் முழுசாக நிற்கும்.

வராக் கடனும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. தென்னந்தோப்பு படுத்துவிட்டது. தேங்காய்க் காசை நம்பி மொய் போட்டு வந்தவர்கள் எங்கே போவார்கள்? அடுத்து நம்பி விருந்து வைத்த சிலருக்கு வர வேண்டியது வரவில்லை. பிறகு 2020-இல் கொரோனா. அதனால் வர வேண்டியதில் இருபது சதவீதத்தைக் கழித்துவிட்டே திட்டம் போடு என்றேன். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. ஒருவர் இறந்திருப்பார், அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருப்பார்கள், அந்த மொய் யார் பங்கு என்று அவர்களுக்கே பேசி முடியாமல் இருக்கும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கணக்கில் வரும். கல்யாணத்துக்கு வரும் மொய்க்கு விலக்கு உண்டு, விருந்துக்கோ காதுகுத்துக்கோ இல்லை. பெரிய தொகையை வங்கியில் கட்டும் முன் நோட்டோடு ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. ஐநூறு ரூபாய் கட்டணத்துக்கு யோசித்து, பிறகு நோட்டீஸ் வந்து அலைய வேண்டாம்.

"இப்ப என்ன செய்யணும்?"

மூன்று கட்டம் போடச் சொன்னேன். ஊர், தகப்பன் பெயரோடு ஆள். நாம் போட்டுத் திரும்ப வேண்டியது. அவர் போட்டு நாம் திருப்ப வேண்டியது. ஊர் வாரியாக எழுத வேண்டும். முருகேசன் என்ற பெயர் மட்டும் அவன் நோட்டில் பதினொரு இடத்தில் இருந்தது. இரண்டு பேருக்கு ஊர் பெயரே எழுதவில்லை. மொய் எழுதும் பையனுக்குக் கூட்டத்தில் அவசரம். அந்த இரண்டு முருகேசன்களைக் கண்டுபிடிக்காமல் பத்திரிகை யாருக்கு வைப்பது? வேண்டாம் என்று தோன்றும் உறவுகளில் கணக்கை முடிக்கவும் வழி இருக்கிறது: வாங்கியதை மட்டும் திருப்பிப் போட்டு, புது மொய் வைக்காமல் வருவது. வருத்தப்படுவார்கள். ஆனால் கணக்கு சுத்தம்.

அவன் பேனாவைக் கேட்டு வாங்கினான். முதல் நோட்டைக் கூட்டி முடிக்கும்போது பூக்கடைகள் சாத்தியிருந்தன. திரும்ப வேண்டியது 2,15,000. திருப்ப வேண்டியது 1,20,000. அண்ணன் சொன்ன ஆறு லட்சத்தில் அவனுடையது எவ்வளவு என்று இரண்டாம் நோட்டும் கூட்டினால்தான் தெரியும். அதற்குள் அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் அவன் எடுக்கவில்லை.

நீங்களும் ஆடிக்கு முன் உங்கள் வீட்டு நோட்டை ஒருமுறை கூட்டிவிடுங்கள். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுதுவது பால்பாயிண்ட் பேனாவாக இருக்கட்டும். கஜா அன்று ஓட்டு வழியாக இறங்கிய மழையில் எங்கள் வீட்டு நோட்டில் நான்கு பக்கம் மை கரைந்துபோனது. அந்த நான்கு பக்கத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.