மறுமொழி வாராத அழைப்பு

திருநெல்வேலிச் சந்திப்பினின்றும் மணியாச்சி நோக்கிப் புறப்படும் புகைவண்டி, தாழையூத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கங்கைகொண்டான் ஸ்டேஷனை அடைகின்றது. சிற்றாற்றங்கரையிலுள்ள இவ்வூரை நம் நேயர்களிற் பலர் வண்டியின் சாளரத்தின் வழியாக மாத்திரமே கண்டிருப்பர். ஊரையடுத்துப் புள்ளிமான்கள் உலவும் காடொன்று உண்டு. அது 2013-ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொழிற்பேட்டையும், கணிப்பொறித் தொழிலுக்கென எல்காட் நிறுவனம் வகுத்த மண்டலமும் உள்ளன. மானையும் கணிப்பொறியையும் இவ்வளவு அருகருகே வைத்த ஊர் வேறு யாதென நாம் அறியோம். எனினும் நாம் எழுதப் புகுந்தது மானைப் பற்றியதன்று.

சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலை அந்த ஸ்டேஷனிலே வண்டிக்குக் காத்திருந்தோம். பக்கத்து ஆசனத்தில் ஒரு மாணவன். தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு அன்றே கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடிந்துவிடும். அவன் தன் கைபேசியின் வாயிலாக 1,850 ரூபாயைச் செலுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுழன்றது, நெடுநேரம் சுழன்றுகொண்டேயிருந்தது. பின்னர், மறுமொழி வரவில்லை என்னும் பொருள்பட ஒரு வாசகம் தோன்றியது. அவன் கணக்கிலோ பணம் குறைந்துவிட்டது. எஞ்சியது முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. மணி நாலே முக்கால். "பணம் போய்ச் சேர்ந்திருக்குமா ஸார், சேர்ந்திருக்காதா?" என்று நம்மை வினவினான். மறுபடியும் கட்டினால் இரட்டிப்பு நஷ்டம். கட்டாவிட்டால் ஒருவேளை தேர்வே போய்விடும். அவன் அமர்ந்திருந்த இடத்திலிருந்து அவ்வினாவிற்கு விடை காணும் வழி அப்பொழுது ஒன்றுமில்லை. அஃது ஏன் என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு கணிப்பொறியினுள்ளே எழுதப்பெற்ற நிரல், தன் வேலைகளைச் சிறு சிறு செயல்முறைகளாகப் பகுத்து வைத்துக்கொள்கிறது. வேண்டுங்கால் ஒரு செயல்முறையைப் பெயர் சொல்லி அழைக்கும். அது வேலையை முடித்து விடையைத் தரும். நிரல் மேலே நடக்கும். அழைப்பவனும் அழைக்கப்படுபவனும் ஒரே இயந்திரத்தில் வாழ்வதால், இயந்திரம் நின்றால் இருவரும் ஒருங்கே நிற்பர். ஒருவன் உயிரோடிருக்க மற்றவன் மடிந்தானோ என்னும் ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

அச்செயல்முறை வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறியில் இருக்குமாயின், அதனைத் தூர அழைப்பு என்கிறோம். இவ்வழைப்பை நடத்திக் கொடுப்பது இடைநிலை மென்பொருள். பழைய கும்பினியார் காலத்துத் துபாஷியை நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். துபாஷி வேலைதான் இதன் வேலையும். அழைப்பவன் பக்கத்திலே இது ஒரு பதிலாளை நிறுத்துகிறது. நிரல், உண்மையான செயல்முறையையே அழைப்பதாக எண்ணி இப்பதிலாளை அழைக்கிறது. பதிலாள் கேள்வியையும் அதற்கு வேண்டிய விவரங்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கம்பியிலே விடுகிறான். அக்கரையில் மற்றொரு பதிலாள் அதனைப் பிரித்து, அவ்விடத்து மொழியிலே மாற்றி, செயல்முறையைச் செய்வித்து, விடையை அவ்வாறே கட்டித் திருப்பியனுப்புகிறான். யாவும் செவ்வனே நடக்குங்கால் தூரம் என்பதொன்று உளதென்ற நினைவே எழாது.

நடவாதபொழுது யாது நேர்கிறது? கேள்வி போகும் வழியில் தொலையலாம். கேள்வி சேர்ந்து, வேலை தொடங்குமுன் அக்கரை இயந்திரம் நின்றுபோகலாம். வேலை முற்றும் முடிந்தபின் விடை வரும் வழியில் தொலையலாம். இவை ஒன்றுக்கொன்று முற்றும் வேறான நிகழ்ச்சிகள். ஒன்றில் பணம் சேரவில்லை, மற்றொன்றில் சேர்ந்துவிட்டது. ஆனால் கேட்டவன் காண்பதோ எல்லாவற்றிலும் ஒன்றே, அஃதாவது மௌனம். அக்கரை இயந்திரம் பழுதின்றி மெதுவாக வேலை செய்துகொண்டிருப்பினும் அதே மௌனந்தான். விடை கிடைத்ததற்கு ஒரு விடை, அதற்கும் ஒரு விடை என்று எத்துணை அனுப்பினும், கடைசியாக அனுப்பியது சேர்ந்ததோ என்னும் ஐயம் ஒன்று எஞ்சியே நிற்கும்.

இவ்வையத்தை முதன்முதற் கண்டவர்கள் கணிப்பொறியாளர் அல்லர். கங்கைகொண்டான் ஸ்டேஷன் மாஸ்டருக்கு இது பழைய செய்தி. இப்பாதை ஒற்றைத் தண்டவாளமாயிருந்த காலத்திலே, அவர் நாரைக்கிணறு நோக்கி ஒரு வண்டியை விடுவதாயின், முதலில் நாரைக்கிணற்றாரைக் கேட்டு லைன் கிளியர் பெறல் வேண்டும். மறுமொழி வாராவிடின், 'கேட்டாகிவிட்டது, அவர் சரியென்றுதான் சொல்லியிருப்பார்' என்று எண்ணி வண்டியை விடுவாரோ? விட்டால் எதிரே வரும் வண்டியோடு மோத வேண்டியதுதான். ஆதலின் ரயில்வேயார் மௌனத்தை ஒருபோதும் சம்மதமாகக் கொள்வதில்லை. பேசும் வழி முழுவதும் அற்றுப்போகுமாயின், ஓர் எஞ்சினையோ டிராலியையோ மிக மெதுவாக அடுத்த ஸ்டேஷன் வரையில் அனுப்பித் தொடர்பை ஏற்படுத்திக்கொள்வது அவர்கள் விதி.

அவர்களிடம் மற்றோர் ஏற்பாடும் உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் இலக்கங்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். அவற்றைப் பிரைவேட் நம்பர் என்பர். முக்கியமான சம்மதம் ஒன்றைத் தெரிவிக்குங்கால் அத்தாளிலுள்ள அடுத்த இலக்கத்தையும் உடன் சொல்லி, அதனை அடித்துவிடுவர். கேட்டவர் அவ்விலக்கத்தைத் தம் பதிவேட்டிற் குறித்துக்கொள்வர். ஒருமுறை அடித்த இலக்கம் மறுமுறை வழங்காது. ஆகவே எந்தச் சம்மதம் எந்தக் கேள்விக்குரியது, நேற்றையதா இன்றையதா என்னும் குழப்பத்திற்கு இடமில்லாமற் போகிறது. சிறு தாள், இரண்டிலக்க எண். ஆனால் கணிப்பொறி அறிஞர் பின்னாளில் தூர அழைப்பிற்குக் கண்ட மருந்தின் சாரம் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்திலே ஆண்ட்ரு பிரல், புரூஸ் நெல்சன் என்னும் இருவர் தூர அழைப்பைச் செயலில் அமைத்துக் காட்டி, 1984-ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டனர். அவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாளம் இட்டனர்: எந்த இயந்திரம், அதிலே எந்த வேலை, எத்தனையாவது கேள்வி. அக்கரை இயந்திரம் ஒவ்வொருவரிடமிருந்தும் கடைசியாக வந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். அதே எண்ணோடு கேள்வி மீண்டும் வந்தால் வேலையை மறுபடி செய்யாது. மறுமொழி தாமதித்தால், 'அங்கே உளீரோ?' என்று சிறு பொட்டலமொன்றை அவ்வப்போது அனுப்பிப் பார்ப்பர். ரயில்வேயாரின் டிராலியே இது. 'உளேன்' என்று விடை வரும் வரையில் எத்துணை நேரமாயினும் காத்திருப்பர்.

இவ்வளவு செய்தும் அவர்கள் தந்த வாக்குறுதி யாது? விடை வந்தால் வேலை சரியாக ஒருமுறை நடந்தது என்று கொள்ளலாம். விடை வாராமற் பிழை என்று அறிவிக்கப்பட்டால், வேலை ஒருமுறை நடந்திருக்கும், அல்லது நடந்தேயிராது. இரண்டில் எது என்பதைச் சொல்ல இயலாது. இதற்குமேல் எவரும் வாக்களிக்க முடியாமையால் இவ்வளவோடு நிறுத்திய அவர்களுடைய நேர்மையை நாம் மெச்சுகிறோம். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த கோர்பா என்னும் இடைநிலை அமைப்பு விதியும் இந்நேர்மையைக் கைக்கொண்டது. அழைப்பிலே பிழை நேர்ந்தால் அதனோடு மூன்று சொற்களுள் ஒன்றைத் தரல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு: முடிந்தது, முடியவில்லை, முடிந்திருக்கலாம். மூன்றாவது சொல்லைக் கண்டு நகைப்பவர் உண்டு. நமக்கோ அம்மூன்றினுள் அதுவே மிக்க மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

பதிலாளின் சாமர்த்தியம் மிகுந்தவிடத்து ஓர் ஆபத்தும் மிகுந்தது. தூர அழைப்பு உள்ளூர் அழைப்பைப் போலவே காட்சியளிப்பதால், நிரல் எழுதுவோர் இரண்டும் ஒன்றே என்று கருதத் தலைப்பட்டனர். 1994-இல் சன் நிறுவனத்தைச் சார்ந்த ஜிம் வால்டோ முதலிய நால்வர் இதனைக் கண்டித்து எழுதினர். காலத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி இழையிலே ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 2,500 கிலோமீட்டர் இழையில் ஒருமுறை போய்த் திரும்ப, வழியிலுள்ள பொறிகள் சிறிதும் தாமதியாவிடினும், நொடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் இக்காலத்து இயந்திரம் ஒன்று ஏழு கோடித் துடிப்புக்கள் துடித்துவிடும். உள்ளூர் அழைப்புக்கோ சில துடிப்புக்களே போதும். தாமதமாவது பொறுக்கத்தக்கது. ஒரு பாதி நின்று மறுபாதி நடக்கும் நிலைமை, உள்ளூர் அழைப்பிற்கு இல்லாத புதிய நோய்.

அங்ஙனமாயின் கேட்பவன் செய்யத்தக்கது என்னை? மறுபடி கேட்பதே இயற்கை. மறுபடி கேட்பது தீங்காகுமா என்பது கேள்வியின் தன்மையைப் பொறுத்தது. குளத்து மடைக் காவலனுக்கு, 'ஷட்டரை இரண்டடி உயரத்தில் நிறுத்துக' என்று சொல்லியனுப்பினோம், பதில் இல்லை. அதனையே மூன்று முறை சொல்லியனுப்பினாலும் ஷட்டர் இரண்டடியில்தான் நிற்கும். 'இன்னும் இரண்டடி உயர்த்துக' என்று சொல்லியனுப்பியிருந்தாலோ, மூன்றாம் ஆள் போவதற்குள் வயல்கள் மூழ்கும். ஆதலின் அறிவுடையோர் கூடுமானவரையில் தம் கேள்விகளை முதல் வகையாகவே அமைப்பர். அவ்வாறு அமைக்க இயலாதவை உண்டு. பணம் செலுத்துதல் அவற்றுள் தலையாயது. அங்கே பிரைவேட் நம்பர்தான் துணை. கேள்விக்கு ஓர் எண்ணிட்டு, மறுபடி கேட்குங்கால் அதே எண்ணோடு கேட்க வேண்டும். செய்பவனும் எண்ணையும் தான் தந்த விடையையும், தான் நின்றெழுந்தாலும் அழியாத ஏட்டிலே பொறித்து வைத்தல் வேண்டும்.

நம் நாட்டு ரயில் ஆசனப் பதிவு இம்முறைக்கு நல்லதோர் உதாரணம். புது டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து இடங்களிலிருந்த பதிவு நிலையங்கள், கிரிஸ் நிறுவனம் அமைத்த கான்சர்ட் என்னும் நிரலால் 1999-ஆம் ஆண்டில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. திருநெல்வேலிக் கவுண்ட்டரிலே ஒருவர் டில்லியின் பொறுப்பிலுள்ள வண்டிக்கு இடம் கேட்டால், அக்கேள்வி டில்லிக் கணிப்பொறிக்குத் தூர அழைப்பாகச் செல்லும். இதற்கு இடைநிலையாக அமர்த்தப்பெற்றது டிஜிட்டல் நிறுவனத்தாரின் ரிலையபிள் டிரான்ஸாக்ஷன் ரௌட்டர் என்னும் மென்பொருள். அது ஒவ்வொரு வேலையையும் முதலில் ஏட்டில் எழுதிக்கொள்ளும். சம்பந்தப்பட்டோர் யாவரையும் 'ஆயத்தமோ?' என்று கேட்கும். அனைவரும் ஆம் என்ற பின்னரே 'முடிக்க' என்று ஆணையிடும். நடுவிலே ஓர் இயந்திரம் வீழ்ந்தால், ஏட்டைக் கொண்டு மற்றோர் இயந்திரத்தில் வேலையைத் தொடரும். ஆகவே ஆசனம் பாதி கொடுத்துப் பாதி கொடாத நிலைமை நேராது. ஆனால் ஒன்று: இவ்வேற்பாட்டிற்கு உட்பட்டவர்க்கே இப்பாதுகாப்பு. வீட்டிலிருந்து டிக்கெட்டு வாங்குவோரின் பாங்கி இவ்வேட்டிற்கு வெளியே நிற்பது. இரண்டிற்கும் இடையே பழைய மௌனம் மறுபடியும் நுழைந்துவிடுகிறது.

2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையிலே பணம் பல கை மாறியே செல்கிறது: செலுத்துவோன் பாங்கி, நடுவேயுள்ள தேசிய நிறுவனம், பெறுவோன் பாங்கி. ஒவ்வொரு செலுத்துகைக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று உண்டு. மௌனத்தை முற்றும் ஒழிக்கலாகாது என்பதை ரிசர்வ் பாங்கியும் உணர்ந்தே, 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, பணம் கழிந்தும் மற்றொருவர் கணக்கிற் சேராவிடின் அடுத்த நாளுக்குள்ளும், வியாபாரிக்குச் செலுத்தியது உறுதிப்படாவிடின் ஐந்து நாட்களுக்குள்ளும் அதனைத் திருப்பித் தரல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. ஐயம் நீங்கும் வழி ஈதன்று. ஐயம் எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை, அவ்வளவே.

அம்மாணவனிடம் இவையனைத்தையும் விரித்துரைக்க அன்று நேரமில்லை. நாம் 1,850 ரூபாய் கடன் கொடுத்தோம். ஐந்து மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கையில் மறுபடி செலுத்தினான். இம்முறை மறுமொழி உடனே வந்தது. பின்பு விசாரித்ததில், முதற்பணமும் அன்றே சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. தொலைந்தது கேள்வியன்று, விடையே. இரண்டாம் முறை அவன் பொத்தானை அழுத்தியபொழுது கைபேசி புதியதோர் எண்ணை இட்டுவிட்டது. ஆதலால் அக்கரையில் அது பழைய கேள்வியின் மறுபடியாகத் தோன்றாமல் வேறொரு செலுத்துகையாகவே தோன்றிற்று. எண் இருந்தும் பயனின்றிப் போனது இதனால்தான்: அழுத்தலுக்கு எண் இட்டார்களேயன்றி, இப்பருவத்துத் தேர்வுக் கட்டணம் என்னும் அந்த ஒரே கருமத்திற்கு எண் இடவில்லை. இரண்டும் சேர்ந்துவிட்டமையின் ரிசர்வ் பாங்கியின் உத்தரவும் உதவிற்றில்லை. அவன் இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்றான். அங்கிருந்த குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, ஒரே பதிவெண்ணின் எதிரே இரண்டு வரவு இருப்பதைக் கண்டு, ஒன்றைச் சிவப்பு மையால் அடித்து, பணத்தைத் திருப்பித் தர எழுதிக் கொடுத்தார். பதினோராம் நாள் நம் கடன் தீர்ந்தது.