முப்பது ஆண்டுச் சிரமதானம்

மலைநாட்டில் மழைக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட்டவளை, றொசல்ல, அட்டன் பகுதிகளில் வெயிலைக் காண்பதே அரிது. வட்டவளைப் பக்கம் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அவ்வாறிருந்தும் மாசி, பங்குனி மாதங்களில் தோட்டத்துப் பீலிகளில் நீர் மெலிந்து, குடங்கள் வரிசையாகக் காத்திருப்பதுண்டு. மழை எவ்வளவு பெய்கிறது என்பது ஒரு கணக்கு. பெய்த மழையை நிலம் எத்தனை நாள் பிடித்து வைக்கிறது என்பது வேறொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கில் பெரும் பங்கு சதுப்பு நிலங்களுக்கு உண்டு.

சதுப்பு நிலம் என்றவுடன் சேறும் கொசுவும் மலிந்த பாழ்நிலமே பலருடைய நினைவுக்கு வரும். நுவரெலியா மாவட்டத்தின் ஹோட்டன் சமவெளியைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்த இந்நிலத்தில் புல்வெளியும் குள்ளமான மலைக்காடும் மாறி மாறி வருகின்றன. பள்ளமான இடங்களில் நீர் தேங்கிச் சதுப்பாகிறது. அங்கு நிலவும் குளிரினால் மடிந்த புல்லும் வேரும் எளிதில் மக்குவதில்லை. அவை ஆண்டாண்டாகப் படிந்து, கறுத்து, மெதுமெதுப்பான மண்ணாகின்றன. அம்மண் மழையையும் மூடுபனியின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாக ஓடைகளுக்குக் கொடுக்கிறது.

அவ்வோடைகள் சிறியவையாயினும் அவை சென்று சேரும் ஆறுகள் பெரியவை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. இங்கு ஊறும் ஆக்கரா ஓயாவின் நீர் கொத்மலை வழியாக மகாவலியை அடைகிறது. றொசல்லப் பக்கத்து மலைச்சரிவுகளின் நீரும் வேறொரு பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அதே மகாவலியிற் கலக்கிறது. ஆகவே, ஹோட்டன் சமவெளியின் நலமும் தோட்டத்துப் பீலியின் நலமும் ஒரே ஆற்றின் கதையில் அடங்கியவை.

இச்சமவெளி 1969ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்குள்ள ஓடைகளில் வாழும் சிறிய இறால் இனமொன்று உலகில் வேறெங்கும் இல்லை. மரைகள் கூட்டமாக மேய்கின்றன. இத்தகைய இடத்தில் வேட்டையாடுபவரையும் மரம் வெட்டுபவரையும் சட்டத்தால் தடுக்கமுடியும். ஆனால், மண்ணுக்குள் கிடக்கும் விதையைச் சட்டத்தால் தடுக்கமுடியாது.

பிரித்தானியர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து மலைநாட்டுக்கு வந்த கோர்ஸ் என்னும் முட்புதர் இச்சமவெளியிற் பரவியிருக்கிறது. மஞ்சட் பூக்களைச் சொரியும் அச்செடி பார்வைக்கு அழகானது. ஆனால் அது அடர்ந்து வளருமிடத்தில் புல் வளராது. மேய்ச்சல் விலங்கும் நுழையாது. அதன் உடலில் எண்ணெய்ப்பசை இருப்பதால், வறட்சிக் காலத்தில் தீப் பற்றினால் விரைந்து எரியும். வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வெயில் ஏறும்போது அதன் காய்கள் வெடித்து விதைகளைச் சில அடி தூரத்துக்கு எறியும். எல்லாவற்றிலும் கொடியது, விதையின் ஆயுள். மண்ணில் விழுந்த விதை முப்பது ஆண்டுகள் வரை உயிரோடு கிடந்து, தக்க காலத்தில் முளைக்கவல்லது.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஏற்பாட்டில், மாணவரும் இயற்கை ஆர்வலரும் தொண்டர்களாகச் சென்று இம்முட்புதரைப் பிடுங்கி வந்துள்ளனர். தேசியப் பூங்காவில் விரும்பியவர் விரும்பியவாறு செடி பிடுங்க இயலாது. அலுவலரின் அனுமதியும் வழிகாட்டலும் வேண்டும். இளஞ்செடிகளை மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுக்கவேண்டும். முதிர்ந்தவற்றை வெட்டினால் மட்டும் போதாது. அடியையும் தோண்டி எடுக்கவேண்டும். காய் முற்றுவதற்கு முன்பே இவ்வேலை முடியவேண்டும். இல்லாவிடின், பிடுங்குபவரே விதை தூவுபவராகிவிடுவர். சப்பாத்தில் ஒட்டிய சேற்றிலும் விதை பயணம் செய்யுமாதலால், திரும்பும்போது அதையும் கழுவிவிடுவது நல்லது. தொண்டர் கூட்டம் சதுப்பின் நடுவே தாறுமாறாக நடந்தால் மெதுமெதுப்பான மண் மிதிபட்டு இறுகும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

சிரமதானம் என்னும் சொல் இலங்கையில் எல்லோருக்கும் பழக்கமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, வீதியைத் துப்புரவாக்கி, தேநீர் அருந்திக் கலைவது அதன் வழக்கமான முறை. அதனால் நன்மை இல்லையென்பதில்லை. ஆனால், முப்பது ஆண்டு உறங்கவல்ல விதைக்கு எதிரே ஒருநாட் சிரமதானம் எம்மாத்திரம்? இவ்வாண்டு துப்புரவாக்கிய அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும் போகவேண்டும். அதற்கடுத்த ஆண்டும் போகவேண்டும். இன்று செடி பிடுங்கும் மாணவியின் பிள்ளைகளும் வந்து பார்க்கவேண்டிய வேலை இது.

இவ்வளவு நீண்ட பொறுமை மனிதருக்கு இயலுமா என்று ஐயுறுவோருக்குத் தமிழகத்தின் வேடந்தாங்கல் விடை கூறும். செங்கற்பட்டுப் பகுதியில் ஏறக்குறைய 30 ஹெக்டேயர் பரப்புள்ள ஏரி அது. மழைக்காலத்தை அடுத்து ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் அங்கு வந்து, நீரில் நிற்கும் மரங்களிற் கூடுகட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். ஆங்கிலச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936ஆம் ஆண்டிலேயே. 2022ஆம் ஆண்டில் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலங்களில் ஒன்றாயிற்று. பட்டமும் பலகையும் வருவதற்கு முன்னரே ஊரார் நூறாண்டுக்கு மேல் காவல் செய்திருந்தனர்.

வேடந்தாங்கலில் அக்காவல் நிலைத்ததற்குக் காரணம் தெளிவானது. ஏரியின் பயனை ஊரார் தம் வயலிலேயே கண்டனர். மலைநாட்டில் அவ்வளவு வெளிப்படையாக அது தெரிவதில்லை. உச்சியிலுள்ள சதுப்புக்கும் பல மைல் கீழே நிரம்பும் குடத்துக்கும் உள்ள தொடர்பு, சொல்லிக் காட்டினாலன்றிப் புலப்படாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அத்தொடர்பைக் கற்பிப்பதும் தொண்டரின் பணிகளுள் ஒன்றாக வேண்டும்.

அப்பாடத்தைத் தொடங்க ஹோட்டன் சமவெளி வரை போகவேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் பீலிக்கு மேலே ஓர் ஊற்றும் அதைச் சூழ்ந்த ஈரநிலமும் இருக்கின்றன. அவ்விடத்தில் குப்பை சேராமலும், உரமும் களைநாசினியும் கசியாமலும், கரையிலுள்ள மரங்கள் வெட்டப்படாமலும் பார்த்துக்கொள்வது லயத்து மக்களும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம். மழை முடிந்ததும் ஒருமுறை, வறட்சி தொடங்கும்போது ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை நான்கைந்து பேர் மேலே ஏறிப் பார்த்துவந்தாலே போதும். ஏறுபவர் மாறலாம், ஏறும் வழக்கம் மட்டும் விட்டுப்போகக் கூடாது.