அது பேராசை அல்ல, நோய்!

கடந்த மாதம் ஒரு வலீமா விருந்து. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்திருந்தோம். அதில் 13 வயதான என் தங்கையின் மகனும் ஒருவன். எல்லோரும் கை கழுவிய பின்னரும் அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். "வீட்டில் இவனுக்குச் சோறு போடுவதில்லையா?" என்று ஒருவர் சிரித்தபடி கேட்டார். அவனுடைய வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

9 வயதில் அவனுக்கு மூளையில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. அதன் பெயர் கிரேனியோபெரிஞ்சியோமா. இது புற்றுநோய் அல்ல. குழந்தை கருவில் உருவாகும்போது பிட்யூட்டரி சுரப்பியின் அருகே எஞ்சிவிடும் கலங்களிலிருந்து வளர்வது. வருடமொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் அரிய நோய். சிறுவர்களிடமும் 50 வயதைக் கடந்தவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது.

கட்டி சாதாரணமானதுதான். ஆனால் அது வளரும் இடம் சாதாரணமானதல்ல. பார்வை நரம்புகள், பிட்யூட்டரி, ஹைப்போதலமஸ் ஆகிய மூன்றும் அங்கே நெருங்கி இருக்கின்றன. பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம் அனைத்தையும் ஆள்வது சிறிய ஹைப்போதலமஸ்தான்.

அறிகுறிகள் முன்பே இருந்தன. காலையில் தலைவலியும் வாந்தியும். இரவில் பல தடவை சிறுநீர், அடங்காத தாகம். சீனி வருத்தம் என நினைத்துச் சோதித்தோம். இரத்தத்தில் சீனி சரியாகவே இருந்தது. உயரம் கூடவில்லை, பரம்பரை என்றோம். பக்கவாட்டில் வருபவர்களை அவன் கவனிக்கவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். இவற்றைச் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளையிடம் இவை ஒன்றாகத் தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் ஹைப்போதலமஸ் பாதிக்கப்பட்டிருந்தது. உடலின் கொழுப்பு 'போதும்' என்று லெப்டின் என்ற ஹோர்மோன் மூலம் அனுப்பும் செய்தி அங்கே சரியாகக் கேட்பதில்லை. வயிறு நிறைந்தாலும் பசி அடங்காது. உடல் சக்தியைச் செலவிடுவதும் குறைவதால், அளவாகச் சாப்பிட்டாலும் எடை ஏறும். இந்நோயிலிருந்து பிழைக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்த நிலை வருகிறது. என் தங்கை உணவு அலுமாரியைப் பூட்டி வைப்பது கஞ்சத்தனம் அல்ல. அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி.

அவன் தினமும் ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை எடுக்க வேண்டும். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் வைத்தியர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். சிறுநீரைக் கட்டுப்படுத்த டெஸ்மோப்ரெசின் என்ற மருந்தும் உண்டு.

இதனால் ரமழான் வந்தால் எங்களுக்கு இன்னொரு கேள்வி. "இவ்வளவு பெரிய பிள்ளை நோன்பு பிடிக்கவில்லையா?" நீரையும் மருந்தையும் தள்ளிப்போட முடியாத உடம்பு அது. நோயாளிக்கான சலுகையை அல்லாஹ்வே அல் பகரா அத்தியாயத்தில் 184, 185ஆம் வசனங்களில் தந்திருக்கிறான். இப்படிப்பட்ட நோயாளிகள் வைத்தியரின் அனுமதியின்றி நோன்பு பிடிக்கக் கூடாது.

அந்த வலீமாவுக்குப் பிறகு அவன் எந்த விருந்துக்கும் வர மறுக்கிறான். கட்டி அவனிடமிருந்து பலவற்றைப் பறித்துவிட்டது. நம்முடைய நாவும் அவனிடமிருந்து எதையும் பறிக்க வேண்டாம்.