தொட்டிலருகே ஒரு தாய்

ஓவியம் என்றவுடன் அரசர்களும், போர்க்களங்களும், புராண நிகழ்ச்சிகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. பிரான்சு நாட்டிலும் நெடுங்காலம் அவையே உயர்ந்த ஓவியப் பொருள்களாகக் கருதப்பட்டன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டின் கூடமும், சாளரமும், குழந்தையின் தொட்டிலும்கூட ஓவியத்தில் சிறப்பிடம் பெறலாயின. அவற்றுள் 'தொட்டில்' என்னும் ஓவியத்தைப் பற்றி இங்கே காண்போம்.

1872-ஆம் ஆண்டில் இதனைத் தீட்டியவர் பெர்த் மோரிஸோ என்னும் பெண்மணி. உயரம் 56 செ.மீ. மட்டுமே உள்ள சிறிய படம் இது. மெல்லிய வலைத்துணி போர்த்திய தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. அருகில் தாய் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்றொரு கையால் வலைத்துணியை இழுத்துப் பிடித்திருக்கிறாள். பிறர் கண் படாமல் குழந்தையைக் காப்பது போல் தோன்றுகிறது!

அந்தத் தாய் யார் தெரியுமா? மோரிஸோவின் அக்காள் எட்மா. குழந்தையின் பெயர் பிளான்ஷ். எட்மாவும் சிறந்த ஓவியரே. சகோதரிகள் இருவரும் கோரோ என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்றனர். 1864-இல் பாரிசின் பெரிய கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. தங்கை ஓவியம் தீட்டும் காட்சியை எட்மாவே ஓர் ஓவியமாக வரைந்திருக்கிறார். 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் தங்கைக்கு எழுதிய கடிதங்களில் தங்கள் ஓவிய அறையை எண்ணி ஏங்கினார்.

மோரிஸோ ஏன் வீட்டையே வரைந்தார்? அக்காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் துணையின்றி வீதிகளிலும் காப்பிக் கடைகளிலும் அமர்ந்து வரைய இயலாது. பாரிசின் அரசு ஓவியப் பள்ளியும் 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே தமக்குத் திறந்திருந்த வீட்டையே அவர் தம் களமாக்கிக்கொண்டார். 1874-இல் நடந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதற் கண்காட்சியில் 'தொட்டில்' வைக்கப்பட்டது. எனினும் விலை போகவில்லை. 1930-இல்தான் லூவர் அருங்காட்சியகம் அதனை வாங்கியது. இன்று அது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

இப்படத்தை ஒரு நூலில் கண்டபோது எங்களுக்குள் விவாதம் எழுந்தது. தாயின் முகத்தில் தெரிவது அன்பு என்றனர் சிலர். களைப்பு என்றனர் சிலர். எட்மாவின் கதையை அறிந்தபின், இரண்டும் உண்மையாயிருக்கலாம் என்று தோன்றிற்று. மோரிஸோவும் மணமுடித்தார், ஒரு மகளுக்குத் தாயானார், எனினும் 1895-இல் இறக்கும்வரை வரைவதை நிறுத்தவில்லை.

தோழிகளே! தொட்டிலை ஆட்டும் கையும் தூரிகை பிடிக்கும் கையும் ஒரே கையாக இருக்க முடியும். தங்கை அதைச் செய்து காட்டினார். அக்காளின் தூரிகையோ நின்றுபோயிற்று. பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் நாம் இவ்விருவரையும் மறவாதிருப்போமாக!