சுப்பிரமணியபுரம் (திரைப்படம்)

சுப்பிரமணியபுரம் 2008 சூலை 4 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம் ஆகும். இதை எம். சசிகுமார் எழுதி, இயக்கி, தயாரித்து, முக்கிய வேடமொன்றில் நடித்தார். இயக்குநராக இது அவருக்கு முதல் படம். ஜெய், சுவாதி, சமுத்திரக்கனி, கஞ்சா கருப்பு ஆகியோர் பிற முக்கிய வேடங்களில் நடித்தனர். 1980 ஆம் ஆண்டின் மதுரையில், வேலையற்ற இளைஞர்கள் சிலர் அரசியல் குடும்பமொன்றின் பேச்சைக் கேட்டுக் கொலையாளிகளாக மாறுவதைப் படம் சொல்கிறது. மதுரை நகரின் ஒரு பகுதியான சுப்பிரமணியபுரத்தின் பெயரே படத்திற்கும் இடப்பட்டது.

கதைச் சுருக்கம்

2008 இல் சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவர் கத்தியால் குத்தப்படுவதோடு படம் தொடங்குகிறது. கதை பின்னோக்கி 1980 க்குச் செல்கிறது. அழகர் (ஜெய்), பரமன் (சசிகுமார்), காசி (கஞ்சா கருப்பு) ஆகியோர் வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றும் நண்பர்கள். அடிதடியில் சிக்கிக் காவல் நிலையம் போகும்போதெல்லாம், அதே தெருவிலுள்ள முன்னாள் கவுன்சிலர் சோமுவின் குடும்பம் அவர்களை மீட்டு வருகிறது. சோமுவின் மகள் துளசியும் (சுவாதி) அழகரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர்.

எதிர்பார்த்த கட்சிப் பதவி சோமுவுக்குக் கிடைக்காமல் போகிறது. அவருடைய தம்பி கனகு (சமுத்திரக்கனி) தூண்டியதால், அப்பதவியைப் பெற்றவரை நண்பர்கள் கொல்கின்றனர். அவர்கள் சிறை சென்றபின் கனகு திரும்பிப் பார்க்கவில்லை. உடன் இருந்த கைதி ஒருவரின் உதவியால் பிணையில் வருகின்றனர். அந்த நன்றிக்காக மீண்டும் ஒரு கொலை செய்கின்றனர். பின்னர் கனகுவுடன் பகை முற்றுகிறது. துளசியைக் கொண்டே அழகரை வரவழைத்துக் கொல்கின்றனர். பரமன் கனகுவைப் பழிவாங்குகிறார். ஆனால் காசியே பரமனைக் காட்டிக்கொடுக்கிறார். தொடக்கத்தில் குத்துப்பட்டவர் அந்தக் காசிதான் என்பது இறுதியில் தெரிகிறது.

கருப்பொருள்

இப்படத்தின் இளைஞர்கள் பணத்துக்காகவோ பெயருக்காகவோ முதல் கொலையைச் செய்வதில்லை. வீட்டிலும் ஊரிலும் மதிப்பில்லாத அவர்களை மதித்துப் பேசியது சோமுவின் குடும்பம் மட்டுமே. அதற்கான நன்றிக்கடனாகவே அரிவாளை எடுக்கின்றனர். இரண்டாவது கொலைக்கும் அதுவே காரணம். ஏவியவர்கள் வீட்டில் இருக்க, ஏவப்பட்டவர்கள் சிறைக்குப் போகின்றனர். ஒருமுறை கொன்றபின் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப அவர்களுக்கு வழியில்லை. காதல், நட்பு என அவர்கள் நம்பிய ஒவ்வொன்றும் அவர்களைப் பிடிக்கும் கண்ணியாகிறது. கொலைகள் வீரச்செயல்களாக அல்லாமல், பதற்றமும் அச்சமும் நிறைந்த காட்சிகளாகவே அமைந்துள்ளன.

தயாரிப்பு

சசிகுமார் இதற்கு முன் பாலா, அமீர் ஆகியோரிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர். எஸ். ஆர். கதிர் ஒளிப்பதிவும் ராஜா முகமது படத்தொகுப்பும் செய்தனர். மணிக்கால் சட்டை, பெரிய கழுத்துப்பட்டைச் சட்டை, நீண்ட கிருதா, தாடி, சுவரொட்டிகள் என 1980 ஆம் ஆண்டுச் சூழல் மீளுருவாக்கப்பட்டது. அவ்வாண்டு வெளியான இரசினிகாந்தின் முரட்டுக்காளை திரையரங்கில் ஓடும் காட்சியும் உண்டு.

இசை

தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளராக அறியப்பட்ட ஜேம்ஸ் வசந்தன் இப்படத்தின் மூலம் திரையிசையமைப்பாளரானார். தாமரை எழுதி, பெள்ளிராஜும் தீபா மிரியமும் பாடிய "கண்கள் இரண்டால்" பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. இது ரீதிகௌளை இராகத்தில் அமைந்தது.

வரவேற்பும் தாக்கமும்

படம் விமர்சகர்களின் பாராட்டையும் வணிக வெற்றியையும் பெற்றது. 2012 இல் பிரேம் அட்டா என்ற பெயரில் கன்னடத்தில் மறுஆக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு வெளியான கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர் இந்திப் படத்தில், இயக்குநர் அனுராக் காசியப் தமக்கு ஊக்கமளித்தவர்களாகப் பாலா, அமீர், சசிகுமார் ஆகிய மூவருக்கும் நன்றி தெரிவித்தார்.