கட்டியின் பெயர் தெரியாமல் கத்தி எதற்கு?

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பல பெண்கள் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். இன்னும் பலர் பயந்துபோய், முதலில் பார்த்த மருத்துவர் ‘எடுத்துவிடலாம்’ என்றதுமே தலையாட்டிவிடுகிறார்கள். மறைப்பதால் புற்றுநோய் முற்றிப்போகலாம். அவசரப்படுவதால், தானே கரையக்கூடிய கட்டியும் அறுபடுகிறது.

35 முதல் 50 வயதுக்குள் அதிகம் வரும் சாதாரண நீர்க்கட்டியை ஸ்கேனிலேயே இனம்காணலாம். வலித்தால் ஊசியால் நீரை உறிஞ்சினால் போதும். அந்த நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, உறிஞ்சிய பிறகும் கட்டி மிஞ்சினாலோதான் மேல் பரிசோதனை. குழப்பம் வருவது அபூர்வ வகைகளில்தான்.

பாலூட்டும் பெண்ணுக்குப் பால் நாளம் அடைபட்டு உண்டாவது பால்கட்டி. ஊசியில் பால் வந்தால் நோயும் தெரிந்துவிடும், கட்டியும் வடிந்துவிடும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி. எண்ணெய்க் கட்டியின் கதை வேறு. விபத்தில் சீட் பெல்ட் அழுத்தியது, பழைய அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு போன்ற காரணங்களால் கொழுப்புத் திசு மடிந்து எண்ணெயாகத் தேங்குகிறது. மேமோகிராமில் முட்டை ஓடு போன்ற சுண்ணாம்பு விளிம்போடு தெளிவாகத் தெரிந்தால் பயாப்ஸிகூட (திசு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம்.

தோல் செல்கள் உள்ளே சிக்கி வளரும் கட்டியைப் பிதுக்கவே கூடாது. உள்ளே உடைந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும். எடுப்பதென்றால் பையோடு முழுதாக எடுக்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் ஆபத்தானது ஹைடாடிட் கட்டி. நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை உணவிலோ நீரிலோ மனிதருக்குள் போய், பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளரும். மார்பில் வருவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தெரியாமல் ஊசி குத்தி உள்நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம், புழுவும் பரவலாம். பெரிய பைக்குள் குட்டிப் பைகள் இருந்தால் ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஸ்கேன் பார்க்காமல் ஊசி குத்த வருபவரிடம், ‘முதலில் ஸ்கேன் எடுக்கலாமா?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

ஸ்கேன், மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது, 6 மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். நீரும் கெட்டிச் சதையும் கலந்த கட்டி பெரும்பாலும் 4-இல் வரும். அதற்குப் பயாப்ஸி அவசியம், தள்ளிப்போடக் கூடாது.

இனி சிகிச்சைக்கான சம்மதக் கையெழுத்து விஷயம். டெல்லியில் 1995-இல், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கினோம் என்றது மருத்துவர் தரப்பு. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது; உயிராபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதிக்க முடியாது என்றது. நம் ஊரில் கணவரோ மாமியாரோ போடும் கையெழுத்துக்கும் இது பொருந்தும். ஊசிக்குச் சம்மதித்தவர் கத்திக்கும் சம்மதித்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் நாடலாம். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. தவறு நடந்ததாகத் தோன்றினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது.